எழுதியதை மட்டும் செய்கிற டீச்சர்

எங்கள் தொழிற்பள்ளியில் ஆங்கிலத்துக்கும் தாய்மொழிக்கும் சேர்த்து ஒரே டீச்சர். பத்தொன்பது வருடமாக அவரோடு வேலை பார்க்கிறேன். அதில் பாதியை அவரைக் கேலி செய்தே கழித்தேன். நான் மின்பிரிவு மாஸ்டர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவர் காதுபடவே சொல்வேன். பட்டறையில் வேலை மிஞ்சினால் கேட்காமல் கொள்ளாமல் அவருடைய பீரியடைப் பிடுங்கிக்கொள்வேன். அவர் சண்டைக்கு வரமாட்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கிரீஸ் படிந்த நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பார்.

வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், சுவரில் மாட்டிய மோட்டாரைக் கழற்றுவது எப்படி என்று பிள்ளைகளை எழுதச் சொன்னார். ஆளுக்கு நாலு வரி கிறுக்கிக் கொடுத்தார்கள். மனுஷி அதில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்து, ஸ்பேனர் வாங்கி, எழுதியிருந்தபடியே செய்தார். மோட்டாரை ஒரு கையால் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று அந்தத் தாளில் இல்லை. அது அவர் காலில் விழுந்து கட்டைவிரல் நகம் போயிற்று. ஒரு மாதம் நொண்டினார், பிடிவாதத்தை மட்டும் விடவில்லை. அன்றிலிருந்து மொழிப்பாடத்தின் கடைசித் தேர்வே அதுதான். மாணவர் ஒரு வேலையை எழுத வேண்டும். டீச்சர் அதை வரி வரியாகச் செய்து பார்ப்பார்.

"இத்தனை வருஷமாச்சே, எங்க வேலையைக் கொஞ்சம் கத்துக்கக்கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கத்துக்கிட்டா, அவங்க எழுதாததையும் நானே படிச்சிடுவேன் சார்" என்றார்.

திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வுக்கு ஒரு விதி உண்டு. தப்பை டீச்சரே கண்டுபிடித்து நிறுத்தினால் பாதி மதிப்பெண். பாஸுக்கு அது போதும். வேறு யார் வாயைத் திறந்தாலும் பூஜ்யம். போன வருடம்வரை மின்பிரிவுக்குக் கரண்ட் இல்லாத பலகையைத்தான் கொடுத்துவந்தோம். இந்த வருடம் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், வேலை முடிந்ததும் விளக்கு நிஜமாகவே எரிய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பலகைக்கு இணைப்புக் கொடுத்தோம்.

அன்றைக்கு முதல் ஆளாக வந்தவள் என் தங்கை மகள். என் பிரிவில்தான் படித்தாள். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும், எல்லாப் பாடத்திலும் பாஸ் என்ற சான்றிதழோடு. அவளுக்குக் குலுக்கலில் வந்தது, பழுதான பிளக் பாயிண்டை மாற்றும் வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். மாமன்காரன் என்ற பெருமையோடு சுவரோரம் போய் நின்றேன்.

டீச்சர் தாளை உரக்கப் படித்தார். "ஒன்று. ஸ்க்ரூடிரைவரை எடுக்கவும்."

ஒன்றாவது வரி அதுவல்ல. மெயினை அணைக்கவும் என்பதுதான் ஒன்றாவது வரி.

அவள்மேல் குற்றமில்லை. பட்டறைக்குள் நுழைந்ததும் மெயினை அணைப்பவன் நான். சின்னப் பிள்ளைகள், எதற்கு வம்பு என்று தினமும் நானே அணைத்துவிட்டு, அப்புறம்தான் அவர்களை உள்ளே விடுவேன். இரண்டு வருடத்தில் அவள் கை அந்தச் சுவிட்சைத் தொட்டதே இல்லை. தொடாத சுவிட்சை எப்படி எழுதுவாள்?

"இரண்டு. மூடியின் திருகுகளைக் கழற்றவும்." கழற்றினார். மூன்று, மூடியை எடுத்தார். மெயின் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அவர் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. அவர் கண்ணோ தாளை விட்டு நகரவில்லை. பார் டீச்சர், நிமிர்ந்து பார், பாதி மதிப்பெண் போதும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். நான்கு. பிளக் பாயிண்டை முன்னால் இழுத்தார். வாயைத் திறந்தால் பிள்ளையின் வேலை போகும். தேர்வாளர் முன்னால் என் மானமும் போகும். கரண்டைத் தானே துண்டிக்கிற டிரிப் சுவிட்ச் இருக்கிறது, ஷாக் அடித்தாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

"ஐந்து. மூன்று வயர்களின் திருகுகளையும் தளர்த்தவும்." ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடி காப்பாற்றியது. தளர்த்தினார்.

"ஆறு. சிவப்பு வயரை விரலால் பிடித்து வெளியே இழுக்கவும்."

டீச்சர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். வலது கையை நீட்டினார். விரலுக்கும் செம்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"தொடாதீங்க டீச்சர்! மெயின் ஓடுது!"

கத்தியது அவள். கத்திக்கொண்டே ஓடிவந்து டீச்சரின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். தேர்வாளர் பேனாவை மூடினார்.

மெயினை அணைத்துவிட்டு நான் திரும்பியபோது டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மதிப்பெண் தாளில் பூஜ்யம் எழுதினார். மறுதேர்வுக்கு இன்னும் ஆறு மாதம்.

"அவளுக்கு ஆறாவது வரியிலதான் தெரிஞ்சிருக்கு" என்றார், தலையைத் தூக்காமல். "நீங்க எந்த வரியில கவனிச்சீங்க சார்?"

"நான் கவனிக்கல டீச்சர்."

அவர் அடுத்த மாணவனின் தாளை எடுத்தார்.

வெளியே என் தங்கை மகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டீச்சருக்கு ஒண்ணும் ஆகலல்ல, மாமா?"

"ஆகலம்மா."

"நல்லவேளை. நீங்களும் கவனிக்கல போல. கவனிச்சிருந்தா எனக்கு முன்னாடியே கத்தியிருப்பீங்க."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். டீச்சரிடம் சொன்ன பொய் இன்னும் நாக்கிலேயே இருந்தது. அதையே திருப்பிச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"ஒண்ணாவது வரியிலேயே கவனிச்சிட்டேன்மா" என்றேன்.

அவள் சுவரை விட்டு நிமிர்ந்து, என்னை விட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.