கேட்காமல் எடுத்த ரொட்டி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்கள் பொத்தானை அழுத்தி நிம்மதியாக ஏறி இறங்குவதற்காக, இருபத்திரண்டு வருடமாக இவர் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள்ளும் அதன் கூரை மேலும் நின்று வேலை பார்க்கிறார். சரியான சந்தேகப் பிராணி. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார், நாலாவது முறை என்னை இழுத்துப் பார்க்கச் சொல்வார். தொழிலுக்கு அது நல்லதுதான், எனக்குத்தான் தலைவலி.

போன வருடம் அவர் குழிக்குள் இருந்தபோது லிஃப்ட் தானாக இறங்கி, தலைக்கு ஒரு முழம் மேலே நின்றுவிட்டது. கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன், "பிரேக் பிடிச்சுதுண்ணே, அவ்வளவுதான்" என்றார். இவருக்கு அது போதவில்லை. "பிரேக் பிடிச்சுது சரி. அந்த நேரத்துல ஏன் பிடிச்சுது?" என்று கேட்டுக் கேட்டு ஒரு மாதம் என் உயிரை வாங்கினார். பிறகு அந்தக் கட்டடத்துக்கு எதிரே இருந்த தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார ஆரம்பித்தார். நாங்கள் பிறந்து வளர்ந்த வழி வேறு. எனக்குப் பிடிக்கவில்லை, முகத்துக்கு நேராகவே சொன்னேன். "உட்கார்ந்து கேக்கத்தானே போறேன்" என்றார். என்னவோ செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. இந்த மனிதர் அங்கே போய் எனக்கு அந்நியமாகிவிடுவாரோ என்று.

ஆறாவது வாரம் அது நடந்தது. ஆராதனை முடியும் நேரத்தில் வரிசை வரிசையாக ஒரு தட்டு வந்ததாம், நிறையச் சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகள். பின்னாலேயே கட்டைவிரல் அளவுக் கிண்ணங்களில் திராட்சைச் சாறு. வேலைக்குப் போகிற வீடுகளில் யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வது இவர் பழக்கம். டீ வேண்டாம் என்றால் கொடுப்பவர் மனம் சங்கடப்படும் என்பார். அதே பழக்கத்தில் ரொட்டியை வாயில் போட்டு, சாற்றையும் குடித்து, தட்டை நீட்டியவருக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஞானஸ்நானம் எப்ப எடுத்தீங்க?"

"இன்னும் இல்லைங்க."

"அப்புறம் எப்படித் திருவிருந்துல கை வச்சீங்க? இயேசுவோட கடைசி விருந்தை நினைச்சு நாங்க எடுக்கிறது அது. தகுதியில்லாம எடுத்தா தண்டனை வரும், தெரியுமா?"

சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மாட்டிக்கொண்டது நாங்கள்.

அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. என்ன தண்டனை என்று கண்டுபிடிக்க வேதப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தார். யாருக்கு யார் பிறந்தார் என்ற பட்டியலில் சிக்கி, இருந்த குழப்பமும் இரண்டு மடங்காகிவிட்டது. பதினைந்து நாள் கழித்து எலக்ட்ரீஷியன் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணி, அண்ணனுக்கு என்ன ஆச்சு? லிஃப்ட் மேல ஏறினதும் முதல்ல ஸ்டாப் சுவிட்சைத் தட்டணும். நேத்து தட்டாமலே குனிஞ்சு வேலை பார்க்கிறார். நான் பார்த்துக் கத்தினேன். யாராவது பொத்தானை அழுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

பூட்டை நாலு முறை இழுத்துப் பார்க்கிற மனிதர் சுவிட்சை மறந்திருக்கிறார். அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில், "வர்ற ஞாயிறு ஞானஸ்நானம் எடுத்துக்கறேன். எடுத்துட்டா இந்தத் தப்பு சரியாயிடும்" என்றார்.

"அப்ப நம்பிக்கை வந்துடுச்சா?"

"அது தெரியல. பயமா இருக்கு" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மறுநாளே தேவாலயத்துக்குப் போனேன். போதகர் பின்கட்டில் அந்தக் குட்டிக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். சண்டைக்கென்று மனதில் அடுக்கி வைத்ததை எல்லாம் கொட்டினேன். ஈரக் கையோடு நின்று முழுவதும் கேட்டார்.

"தப்பு அவர் மேல இல்லம்மா, என் மேல" என்றார். "தட்டு வர்றதுக்கு முன்னாடி நான் சொல்லியிருக்கணும். புதுசா வர்றவங்க எடுக்க வேண்டியதில்ல, வாங்கிப் பக்கத்துல குடுத்துடலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. தெரியாம எடுத்ததுக்குக் கடவுள் தடியோட நிக்கல."

"ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம்னு குதிக்கிறாரே?"

"நான் குடுக்க மாட்டேன். பயத்துல தண்ணியில முழுகினா, எழுந்திரிச்சப்புறமும் பயம்தான் இருக்கும். ஒரு வருஷம் ஆகட்டும், ரெண்டு வருஷம் ஆகட்டும். முதல் பக்கத்துல இருந்து படிக்க வேணாம்னு சொல்லுங்க. இயேசுவோட கதையை நாலு பேர் எழுதியிருக்காங்க, அதுல சின்னதா இருக்கிறதை எடுத்துப் படிக்கட்டும். புரியாததை எழுதிக்கிட்டு வந்து என்னைக் கேக்கட்டும். எனக்கும் தெரியலன்னா தெரியலன்னு சொல்றேன்."

கேட்க வந்ததை அப்போதுதான் கேட்டேன். "அவரை என்கிட்ட இருந்து பிரிச்சுடுவீங்களா?"

உடனே இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, "அவர் மனசு எங்க போகும்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா வீட்டுல மறைச்சு எதையும் செய்யாதீங்கன்னு மட்டும் கண்டிப்பா சொல்வேன்" என்றார். அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். வேலையிலும் பழைய சந்தேகப் பிராணி ஆகிவிட்டார் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார்.

அடுத்த முறை திருவிருந்து என்று தெரிந்ததும் நானும் கிளம்பினேன். நம்பிக்கையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த அதிகாரி மறுபடி வாயைத் திறந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டாமா? அவரும் எங்கள் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். போதகர் தட்டு கிளம்புவதற்கு முன்பே, புதியவர்கள் பக்கத்தில் கொடுத்துவிடலாம் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். தட்டு வந்தது. என் வீட்டுக்காரர் வாங்கினார், ரொட்டியை ஒரு நிமிடம் பார்த்தார், தட்டை என்னிடம் கொடுத்தார். நான் அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தட்டை அடுத்தவரிடம் நகர்த்தினார்.

இவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "ஒருநாள் நான் நிஜமாவே எடுத்தேன்னா, நீ என்ன பண்ணுவே?"

இத்தனை நாளாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. அவர் முகத்தில் பயம் இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அதிகமாகப் பயமாக இருந்தது.

"பக்கத்துல உட்கார்ந்து, தட்டை வாங்கி அடுத்தவருக்குக் குடுப்பேன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.