பிராசசரில் தடவிய வெள்ளி மை

போன வாரம் ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மாட்ட வந்தவரிடம், “பிராசசர் வேகத்தைக் கொஞ்சம் ஏத்திவிடலாமா?” என்று ஆசையாகக் கேட்டேன். “அதுவே ஏத்திக்கிடும், சூடானா இறக்கிக்கிடும். நீங்க ஒண்ணும் தொட்றாதீக சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் மெஷின்கள் இப்படி இருந்திருந்தால் செல்வத்தைப் பார்த்து நான் அம்புட்டு வயிறெரிந்திருக்க மாட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, இப்போதும் லேசாக எரிகிறது.

சிவகாசியில் கீழே அச்சகம், மாடியில் டிசைன் சென்டர். நானும் செல்வமும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தோம், ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர்களில் வேலை பார்த்தோம். மை வாடையும் கீழிருந்து வரும் மெஷின் சத்தமும் இல்லாமல் இன்றைக்கும் எனக்கு வேலை ஓடாது. பட்டாசு லேபிள் போட வருகிற பார்ட்டிகள் ஆர்டரைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று உண்டு. அதை இழுத்து, பிடித்த ஆள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, லேபிள் முடிகிற வரை எழுந்திருக்க மாட்டார்கள். நாற்காலி யார் பக்கமோ, அந்த சீசன் ஆர்டரும் அவர் பக்கம்.

நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த அண்ணாச்சி இரண்டு சீசன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். மூன்றாவது சீசனில் செல்வம் தன் பிராசசரின் வேகத்தை ஏற்றினான். நான் லேபிளைச் சேமிக்கக் கொடுத்துவிட்டுக் கீழே போய் டீ குடித்து வருவேன், அவன் அதற்குள் அடுத்த கலரில் இருப்பான். ஒருநாள் அண்ணாச்சி வந்தார், நாற்காலியை இழுத்தார், அவன் பக்கம் போட்டார். “ஏலே செல்வம், அந்த மயிலுக்கு இன்னுங் கொஞ்சம் நீலம் போடுலே.” என்னிடம் எப்போதும் “தம்பி, நீங்க” என்றுதான் பேசுவார். மரியாதைதான், யாருக்கு வேண்டும் அந்த மரியாதை!

செட்டிங்கில் போய் வேகத்தை ஏற்ற எனக்கும் தெரியும், ஏற்றினால் சூட்டில் நின்றுவிடும். உன்னுடையது மட்டும் எப்படித் தாங்குகிறது என்று அவனிடம் கேட்க ரோஷம் விடவில்லை. அவன் ஒருநாள் கேபினெட்டைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். பிராசசருக்கும், மேலே உட்கார்ந்து அதன் சூட்டை இழுக்கிற அலுமினியக் கட்டைக்கும் நடுவே வெள்ளி நிறத்தில் ஒரு பசை. ஓஹோ, இதுதான் சங்கதியா என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் பளபளவென்று எது இருந்தாலும் அது அலுமினியப் பொடிதான். மத்தாப்பிலும் அதுதான், லேபிளில் அடிக்கிற வெள்ளி மையிலும் அதுதான். கீழே போய் டப்பாவிலிருந்து ஒரு விரல் வெள்ளி மையை வழித்துவந்து தாராளமாகத் தடவினேன். வேகத்தையும் ஒரே தாவலாக ஏற்றினேன்.

முற்பகல் வரை பறந்தது. அப்புறம் சூடான மை வாடை மாடி முழுக்க அடிக்க ஆரம்பித்தது. கீழே அச்சு மெஷின்தான் கருகுகிறதென்று எல்லோரும் படியில் ஓடினார்கள். என் மெஷின் அணைந்து கிடந்தது.

செல்வம் கட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஏலே, பிராசசருக்கே லேபிள் அடிச்சுட்டியேலே!” அப்புறம் துடைத்தான், மின்விசிறியில் அடைந்திருந்த காகிதத் தூசியை ஊதினான், அவன் மதுரையிலிருந்து வாங்கிவந்த பசையில் ஓர் அரிசி அளவு வைத்தான். “கொஞ்சம் ஏத்து, பெரிய ஃபைலா ஓட்டு, சூட்டைப் பாரு. தாங்குச்சுன்னா இன்னுங் கொஞ்சம். திணறுச்சுன்னா ஒரு படி எறங்கிரு. வோல்டேஜுல மட்டும் கைய வைக்காத.” சாயங்காலத்துக்குள் என் மெஷினும் அவன் மெஷினும் ஒரே வேகம். நல்லவனாக வேறு இருந்து தொலைத்தான், பாவி.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். நாற்காலி மறுபடியும் அவன் பக்கம்தான் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, இப்ப என் மெஷினும் அதே வேகந்தான்” என்றேன்.

“வேகத்துக்கா தம்பி வந்தேன்? நான் சொன்னதை நீங்க அப்படியே போடுதீக. நான் நெனச்சதை இவன் போடுதான்” என்றார், கோபமே இல்லாமல். திரும்பி, “ஏலே, டீ சொல்லுலே. தம்பிக்கும் சேத்து” என்றார்.

அந்த டீயைக் குடித்தேன். அதுவரை பழிபோட ஒரு பிராசசராவது இருந்தது.

இப்போது லேபிளெல்லாம் போனிலேயே போகிறது, போனிலேயே ஓகே ஆகிறது. எனக்குச் சொந்த ஆபீஸ், அடுத்த தெருவில் அவனுக்கும் ஒன்று. இரண்டு இடத்திலும் பார்ட்டி என்று யாரும் வந்து பக்கத்தில் உட்காருவதில்லை. என் மேஜையருகே கிடக்கும் நாற்காலியில் பையைத்தான் வைக்கிறேன். அண்ணாச்சியும் காலமாகிவிட்டார். கடைசி வரை அவர் என்னை ஒரு தடவைகூட “ஏலே” என்று கூப்பிடவில்லை.