முன்வாசலில் வா

அன்று ஜெபக் கூட்டத்தில் இருந்தவர்கள். செயலாளர் தேவசகாயம். அவர் மனைவி ரோஸ்மேரி. ஆர்மோனியம் வாசிக்கும் சாமுவேல். எஸ்தர் டீச்சர். என் கணவர். நான். வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில், என் மகள் ஸ்டெல்லா. வயது பதினான்கு. அவளை உள்ளே விடவில்லை.

பெயர்களை வேண்டுமென்றே எழுதுகிறேன். அவர்கள் வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

எழுபத்தெட்டாம் வருஷம். குகட்பள்ளிக்கு அப்பால் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். தமிழ் விசுவாசிகள் நாங்கள் வியாழன்தோறும் வீட்டுக்கு வீடு முறை வைத்து ஜெபிப்போம். செயலாளர் மகனுக்கு டைபாய்டு வந்தபோது எல்லோரும் உபவாசம் இருந்தோம். நானும் இருந்தேன். ஃபேக்டரி வேன் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. ஆரஞ்சும் பிரட்டும் குவிந்தன.

ஸ்டெல்லாவுக்குப் புத்தி கலங்கியது. காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்று அழுதாள். டிஸ்பென்சரியில், "இதுக்கெல்லாம் வேன் கிடையாதும்மா" என்றார்கள். ஒரு ஆரஞ்சுகூட வரவில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் அடுத்த வாரம் எங்கள் வீட்டு முறை என்று வந்தது. ரோஸ்மேரி சொன்னாள்: "பேய் இருக்கிற வீட்ல எப்படிக்கா உட்கார்றது? அடுத்த வீட்டுக்குப் போயிடலாம்." ஒருவரும் மறுக்கவில்லை. ஸ்டெல்லா வாசலில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து முழங்காலிட்டேன். "ஆண்டவரே, இவளைச் சுகமாக்கும். அதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்." அவ்வளவுதான் ஜெபம்.

மறுநாள் பின்வீட்டு காஜாபீ வந்தாள். "ரோ நக்கோ, அக்கா", அழாதே என்று என் கண்ணைத் துடைத்தாள். தன் மகனும் இப்படித்தான் இருந்தான், என்னோடு வா என்றாள். சர்க்கார் மனநோய் ஆஸ்பத்திரி. இரண்டு பஸ் மாறிப் போனோம். பேய் இல்லை, வியாதி என்றார் டாக்டர். மாத்திரையைக் கையில் வைத்து ஜெபித்துக் கொடுத்தேன். மெல்ல மெல்லத் தூங்கினாள். பிறகு சிரித்தாள். மாத்திரை இன்றும் உண்டு. டைப்பிங் பாஸ் பண்ணி வேலைக்கும் போகிறாள்.

ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தேன். அதற்கு யாரும் வராமல் இருக்கக் கூடாது, அது எங்கள் வழக்கம். வந்தார்கள். ஸ்டெல்லாவே டீ கொடுத்தாள். "பேய் போட்ட டீ, ஆன்ட்டி. ஷக்கர் சரியா இருக்கா?" ரோஸ்மேரி கப்பைக் கீழே வைத்தாள். எனக்குச் சந்தோஷம். மறைக்கமாட்டேன்.

போன வருஷம் ஒரு மத்தியானம் ரோஸ்மேரி என் பின்கதவைத் தட்டினாள். கூட அவள் இளைய மகள். பிள்ளை பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை.

"யாருக்கும் தெரியாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா."

பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டேன். "நீ முன்வாசல்ல வா" என்று அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். லைன் முழுக்கப் பார்க்க அவள் சுற்றி வந்தாள். அதற்குள் பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன். பிள்ளை இரண்டு வாய் வாங்கியது. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன்.

இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் ஒளிக்காதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். கோபத்தோடு கேட்டாலும் கேட்பார், என் கோபத்தைக் கேட்டாரே. பிறகு என் வீட்டுக்கு வாருங்கள், பகலில், முன்வாசலில். ரோஸ்மேரிக்குப் பிறகு அப்படி வந்த பிள்ளைகள், ஐந்து.