அழகமுத்து வீடு விற்கிறார்

முதலில் ஒழுகும் இடத்தைத்தான் காட்டுகிறார். வீடு பார்க்க வந்தவர் படியேறிய களைப்பில் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். அதற்குள் அவரைச் சமையல் நடக்கும் குசினிக்குக் கூட்டிப்போய், கூரைத் தகட்டில் ஆணி அடித்த ஓர் இடத்தைச் சுட்டுகிறார். "இங்கனதான் சேர். மேக்க இருந்து காத்தடிச்சு மழை பேஞ்சா ஒழுகும். நேரா பேஞ்சா ஒழுகாது." வெயில் நாளிலும் அதற்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்திருக்கிறார். வந்தவருக்கு இடம் சரியாகத் தெரிய வேண்டுமாம்.

அடுத்தது வெடித்த சுவர். அதற்கடுத்து, குழாயில் தண்ணீர் வராத கிழமைகள். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் முன்னறையும் அதன் ஜன்னலில் தெரியும் மலையும். கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் மற்றவர்கள் அந்த மலையைக் காட்டியே பாதி வீட்டை விற்றுவிடுகிறார்கள். இவரோ, "காலையில தெரியாது சேர், பனி மூடிரும்" என்று திருத்தம் சொல்லி, போனால் போகிறதென்று காட்டுகிறார்.

முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் வாசித்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கண் முதலில் மீட்டர் பெட்டியைத் தேடுகிறது. மனிதர்களை அவர் நாயை வைத்து எடை போடுவார். "நாய் குலைக்காத வீடுதான் சேர் வில்லங்கம். அவங்கதான் பில்லைத் தூக்கிக்கிட்டு சண்டைக்கு வருவாங்க." குறைகளை ஏன் இப்படி முந்திக்கொண்டு சொல்கிறார் என்று, பக்கத்து வீட்டில் இருக்கும் நான் ஒருநாள் கேட்டேன். நான் ஏதோ புரியாததைக் கேட்டதுபோலப் பார்த்தார். "ரீடிங்ல கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது. என்ன காட்டுதோ அதத்தான் எழுதணும்."

தரகர் நபீல் தலையில் கை வைத்துக்கொள்கிறார். "அண்ணே, நீங்க வீட்ட விக்கிறீங்களா, இல்ல வீட்டுக்கு எதிரா சாட்சி சொல்றீங்களா?"

விற்பனை தொடங்கி ஏழு மாதமாகிறது. விலையில் ஒரு ரூபாய் இறங்கவில்லை. "விலையில மட்டும் கை வைக்காதீங்க, வேற என்ன வேணும்னாலும் கேளுங்க" என்பதுதான் அவருடைய வியாபாரம். கேட்டார்கள். முதலில் வந்தவர் தண்ணீர்த் தாங்கியை விட்டுப்போகச் சொன்னார், சரி என்றார். இரண்டாமவருக்கு மூன்று மின்விசிறிகள். அடுத்து வந்த ஆசிரியைக்கு உறுதிப் பத்திரம் எழுதும் செலவில் பாதி. வினோதம் என்னவென்றால், முதலாமவர் வாங்காமல் போய்விட்டாலும் தாங்கி திரும்பி வருவதில்லை. அடுத்தவருக்கும் அது உண்டு. "ஒருத்தருக்குத் தாறேன்னு சொன்னத இன்னொருத்தருக்கு இல்லைங்கலாமா?" இந்தக் கணக்கில், வருகிறவர்கள் மறுத்துவிட்டுப் போகப் போக, வீடு மட்டும் மாதாமாதம் பெருத்துக்கொண்டே வருகிறது. கடைசியாகச் சேர்ந்தது அவருடைய மனைவி ரத்தினம்மாவின் தேக்கு அலுமாரி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்னும் ரெண்டு பேரு வந்தா என்னையும் சேத்து எழுதிக் குடுத்துருவாரு," என்கிறார் ரத்தினம்மா.

ஒன்றே ஒன்றைத்தான் மறுத்தார். கண்டியிலிருந்து ஒருவர் வாஸ்து பார்ப்பவரோடு வந்தார். ரோட்டிலிருந்து முற்றம்வரை நாற்பத்திரண்டு படிகள். அது ஒற்றைப்படையில் இருந்தால்தான் லட்சுமி ஏறுவாளாம், ஒன்றை இடித்துத் தர வேண்டுமாம். "இடிச்ச எடத்துல காலை எட்டி வைக்கணுமே, லட்சுமி விழுந்துட்டா யாரு பொறுப்பு?" என்று அழகமுத்து கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பினார்.

அந்தப் படிகள்தான் வீட்டை விற்க வைக்கின்றன. ரத்தினம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. கிளினிக் நாட்களில் அவர் படியிறங்குவதைப் பார்த்திருக்கிறேன்: உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாகக் கையூன்றி, நாற்பத்திரண்டு முறை. கலகெதரவில் ரோட்டு மட்டத்தில் ஒரு சிறிய வீட்டுக்கு முற்பணம் கொடுத்திருக்கிறார்கள். மாதம் முடிவதற்குள் மீதியைக் கொடுக்காவிட்டால் அந்த வீடு கைமாறிவிடும். அழகமுத்துவின் விலை அந்த மீதிதான். அதனால்தான் அதில் இறங்க இடமில்லை.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது விவேகானந்தன் வந்தார். யாழ்ப்பாணத்தவர், கொழும்பில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மரியாதையாகப் பேசுகிறவர். ஒழுகும் இடத்தைப் பார்த்துச் சிரித்தார். "இது பெரிய வேலையில்லை." முற்றத்தில் உட்காரக் கதிரைகள் போட்டு எங்கள் எல்லாருக்கும் தேநீர் கொடுத்தார்கள். விலைக்குச் சம்மதித்தார். அலுமாரி கூட வேண்டாம் என்றார். நபீலின் முகம் மலர்ந்தது.

"ஒண்டே ஒண்டு," என்றார் விவேகானந்தன். "மேல இருக்கிற சனம் இதாலதானே போய் வருது? கீழ ஒரு கேற் போட்டுப் பூட்டித் தாங்கோ. நான் வந்து பூட்டினா பொல்லாப்பு எனக்கு. நீங்கள் பூட்டிப்போட்டுத் தந்தா ஒருத்தரும் கேளாயினம்."

மேலே இருப்பவை ஆறு வீடுகள். தேயிலைக் காடு துண்டு துண்டாக விற்கப்பட்டபோது கையில் பத்திரமில்லாமல் மேட்டில் ஒதுங்கிய குடும்பங்கள். அழகமுத்துவின் படிகளில் ஏறி, முற்றத்தைக் கடந்து, குசினிச் சுவரோரம் போவதுதான் அவர்களுக்கு வழி. இருபது வருடமாக நடக்கிறார்கள். அத்தனை காலம் நடந்த வழிக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. அதை நிலைநாட்ட நீதிமன்றம் போக வேண்டும், நீதிமன்றம் போக நாட்சம்பளத்தை விட வேண்டும். இந்த மலைகளில் பாதை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். நில அளவைப் படத்தில் அவர்களுக்கென்று ஒரு கோடுகூட இல்லை.

"ஒரு கேட்தானேண்ணே," என்றார் நபீல். "எத்தனையோ குடுத்துட்டீங்க."

அழகமுத்து உள்ளே போனார். இந்த ஏழு மாதத்தில் முதல் தடவையாக மனைவியிடம் கேட்கிறார் என்பது வெளியே எங்களுக்குக் கேட்ட ரத்தினம்மாவின் குரலிலிருந்து தெரிந்தது. "என்னைய ஏன் கேக்குறீங்க? அலுமாரியக் குடுக்கிறப்ப கேட்டீங்களா?" பிறகு, தணிந்த குரலில்: "அந்தப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு ஓடைப் பக்கமா சுத்திப் போகுமாங்க? மழைக்கு ஓடை இழுத்துட்டுப் போயிருமே. விலையக் குறைச்சுக் குடுங்க. கலகெதர வீடு போனாப் போகுது. நமக்கேத்த மாதிரி வேற பாப்போம்."

வெளியே வந்தவர் உட்காரவில்லை.

"விலைய வேணும்னா குறைச்சுக்கிறேன் சேர். எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க. வழிய அடைக்க ஏலாது. அவங்க நடக்கலாம்னு உறுதியிலயும் எழுதணும்."

நபீல் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

விவேகானந்தன் கோபப்படவில்லை. உண்மையாகவே அக்கறைப்பட்டார். "ஏன் வீணா நட்டப்படுறியள்? அதுகள் தோட்டத்துச் சனம். எங்கையாலும் ஒரு வழி பாக்குங்கள்."

"நான் பன்வில தோட்டம் சேர். ஆறாம் நம்பர் லயத்து வீட்டுல பொறந்தவன்." மீட்டரில் வாசித்த எண்ணைச் சொல்லும் குரலில்தான் சொன்னார்.

அந்த நேரம் மேட்டு வீட்டுச் சுதர்சினி ரோட்டிலிருந்து ஏறி வந்தார், தோளில் கேஸ் சிலிண்டரோடு. முற்றத்தில் பெரிய மனிதர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். சுமையை இறக்கவுமில்லை, வழி கேட்கவுமில்லை. விவேகானந்தனின் கதிரை குசினிச் சுவரோரப் பாதையை அடைத்துக்கொண்டிருந்தது.

"சேர், கொஞ்சம் எந்திரிங்க," என்றார் அழகமுத்து.

அவர் எழுந்ததும், அழகமுத்து கதிரையை இரண்டு கைகளாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரில் முதுகு ஒட்டுமளவுக்குப் பின்னால் நகர்ந்து சுதர்சினிக்கு வழி விட்டு நின்றார்.