செம்பருத்தி வந்த வழி

அலுவலகத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் ‘உலக மாமியார்’. அதில் மிகையொன்றும் இல்லை. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் பயிர்ப்பூச்சித் தகவல் வலையில் இந்த நாட்டுக்கான பொறுப்பு அவளுடையது. புதிதாக ஒரு பூச்சியோ களையோ ஒரு நாட்டில் தலைகாட்டினால், அந்த நாடு உடனே மற்றவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. சொன்னால் மற்றவர்கள் தங்கள் துறைமுகங்களை உஷார்ப்படுத்திக்கொள்வார்கள். ஆனால் தன் குறையைத் தானே தம்பட்டம் அடிக்க எந்த நாட்டுக்குத்தான் மனசு வரும்? ஏற்றுமதி நின்றுவிடுமே என்று மென்று விழுங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களை விடாமல் குடைந்து வாயைத் திறக்க வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

“மறைச்சா பூச்சிக்குத்தான் கொண்டாட்டம்” என்பாள். கூட்டத்தில் யாராவது “விசாரித்துக்கொண்டிருக்கிறோம்” என்று இழுத்தால் போதும், கிழிகிழியென்று கிழித்துவிடுவாள். அவள் மைக்கைத் திறந்தாலே சிலர் கேமராவை அணைத்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

இப்பேர்ப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

வெளிநாட்டில் ஒரு மாநாடு. பூச்சிகள் எல்லை தாண்டுவதைத் தடுப்பது பற்றித்தான் பேச்சு, அதை வேறு சொல்ல வேண்டுமா? கடைசி நாள் மாலை மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது வாசலில் ஒரு செம்பருத்திப் புதர் கண்ணில் பட்டது. செங்கல் நிறத்தில் அடுக்கிதழ், நடுவில் கருநீலம். அப்படியொரு பூவை அவள் பார்த்ததே இல்லை. உடனே அக்காவின் நினைவு வந்தது.

அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அக்கா. பதிலுக்கு எதை வாங்கிக்கொண்டு போனாலும் “எனக்கெதுக்குடி இதெல்லாம்” என்று திருப்பித் தந்துவிடுவாள். செடி ஒன்றைத்தான் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வாள். அந்த ஆசையில் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, விரல் நீளத்துக்கு ஒரு குச்சியை ஒடித்தாள். அறைக்குப் போய்ப் பைக்குள் எப்போதும் இருக்கும் லென்ஸை எடுத்து மேலும் கீழும் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. நான் பார்க்காத பூச்சியா என்று ஒரு நினைப்பு. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் மொட்டுக் கணுவுக்குள் ஒளிந்திருக்கும் என்று பயிற்சிப் பாடத்தில் எழுதி வைத்ததே அவள்தான். ஈரத் துணியில் சுற்றிச் சோப்புப் பெட்டிக்குள் வைத்துப் புடவைகளுக்கு அடியில் செருகினாள்.

ஊர் திரும்பிய விமான நிலையத்தில் செடி கொடிகளைச் சோதிக்கும் மேசையில் இருந்தவர் அவளிடம் பயிற்சி பெற்றவர். பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“பையைத் திறக்கவா?” என்றாள், பேச்சுக்கு.

“நீங்க வேற மேடம். உங்க பையைச் சோதிச்சா நான் உருப்படுவேனா?”

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் பின்னாளில் அவளுக்கு உடம்பு கூசியது.

அக்கா வீடு ஊருக்கு வெளியே. வீட்டை ஒட்டியே அத்தானின் பப்பாளித் தோட்டம். குச்சி பிடித்துக்கொண்டது, துளிர்த்தது, பூத்தது. அக்கா படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு படம் வருவது நின்றது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் ஒருநாள் அத்தான் போன் செய்தார்.

“பப்பாளியில என்னமோ வெள்ளையா அப்பிக் கெடக்கும்மா. மாவு கொட்டினாப்ல இருக்கு. ஒரு எட்டு வந்து பாரேன்.”

போய்ப் பார்த்தாள். மாவுப்பூச்சி. இலைக்கடியிலும் காயின் காம்பிலும் அடை அடையாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இந்த மண்ணில் இதுவரை இல்லாத இனம். அவள் கண் முதலில் தேடியது கிணற்றடியில் இருந்த செம்பருத்தியை. அந்த இடத்தில் வெறும் மண் இருந்தது.

“அதுவா? அது காஞ்சு போச்சுடி. பிடுங்கி எரிச்சுட்டேன்” என்றாள் அக்கா, தங்கையின் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாளே அவள் தகவல் வலையில் அறிவிப்பை ஏற்றினாள். இவ்வளவு சீக்கிரம் எந்த நாடும் சொன்னதில்லை என்று பாராட்டு குவிந்தது. எப்படி உள்ளே வந்தது என்ற கேள்விக்கு மட்டும் ‘தெரியவில்லை’ என்று போட்டிருந்தாள்.

மாநாடு நடந்த நாட்டின் பெண் அதிகாரியிடமிருந்து உடனே பதில் வந்தது. இந்தப் பூச்சி எங்களிடம் நெடுங்காலமாக உண்டு, ஆனால் தொல்லை இல்லை, கொசுவை விடச் சிறிய ஒரு குளவி இதன் வயிற்றிலேயே முட்டையிட்டு அடக்கிவிடுகிறது. குளவியை அனுப்பத் தயார். ஆனால் கடலுக்கு அப்பால் வேறொரு பக்கத்திலும் இதே சாயலில் இன்னொரு இனம் இருக்கிறது, அதை எங்கள் குளவி தொடாது. இரண்டையும் பரிசோதனையில் பிரித்தறிய மாதக்கணக்கில் ஆகும். எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் வேலை சுலபம். தெரியுமா?

அவள் பதில் எழுதினாள்: “விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.”

எழுதி அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய வாய்ச்சொல் அது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? காறித் துப்பலாம் போல இருந்தது. துப்புவதற்கு அங்கே அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

சொன்னால் வேலை போகும், பெயர் போகும், உலகமே கைகொட்டிச் சிரிக்கும். சொல்லாவிட்டால் தோட்டம் போகும். இப்படி நினைத்து நினைத்தே நாளைத் தள்ளினாள். அதற்குள் பூச்சி பக்கத்துத் தோட்டங்களுக்கும் தாவிவிட்டது. பழி அத்தான் தலையில் விழுந்தது. அவர் வெளியிலிருந்து வாங்கி நட்ட கன்றுகளில்தான் வந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்துக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் போனபோது அத்தான் காய்த்த மரங்களை வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். பால் வடிந்து அரிவாள் பிசுபிசுத்தது.

“கன்னு வாங்கும்போது நல்லாத்தான்மா பாத்து வாங்கினேன்” என்றார், குற்றம் செய்தவர் மாதிரி. “எம்மேலதான் தப்பு போல. ஏதோ நீ இருக்கறதாலதான் தைரியமா இருக்கேன்.”

அக்கா குனிந்து இலைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. அப்போதுதான் தங்கைக்கு உறைத்தது. முதலில் வெளுத்தது எந்தச் செடி என்று அக்காவுக்குத் தெரியும். ஆளாக்கிய தங்கையின் மானம் போகக்கூடாது என்று, கட்டினவர் கூனிக் குறுகி நிற்பதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறாள்.

அடுத்த வாரம் கூட்டம். திரையில் பல நாட்டு முகங்கள். அந்தப் பெண் அதிகாரி பழைய கேள்வியை மறுபடி கேட்டாள். இவள் மைக்கைத் திறந்தாள்.

“உங்க நாட்டுலேர்ந்துதான் வந்துது. மாநாட்டு வாசல்ல இருந்த செம்பருத்தி. நான்தான் ஒடிச்சு, பையில மறைச்சு எடுத்துட்டு வந்தேன்” என்று அவர்கள் மொழியில் சொன்னாள்.

யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் போன வருடம் வெளுத்து வாங்கிய ஒரு மனிதர் தலையைக் குனிந்துகொண்டார், அவளுக்காக வெட்கப்படுபவர் போல. கடைசியில் அந்தப் பெண்தான் பேசினாள். குளவியை அனுப்புகிறோம், சொன்னதற்கு நன்றி என்றாள். “அந்தப் புதர்ல நிறையப் பேர் கை வச்சிருக்காங்க. சொன்னது நீங்க ஒருத்தர்தான்” என்றாள். ஆறுதலாகச் சொன்னதுதான், ஆனால் இவளுக்கு ஆறவில்லை.

விளக்கம் கேட்டு மேலிடத்துக் கடிதம் அவளுக்கு வந்தது. விமான நிலையத்து மேசைக்காரருக்கும் வந்தது. அதற்கப்புறம் அவர் இவளை ‘மேடம்’ என்று கூப்பிடவில்லை, பேசுவதையே விட்டுவிட்டார்.

குளவிகள் வந்து, தடுப்புக் கூடத்தில் சோதனை முடிந்து, தோட்டத்தில் விட அனுமதி கிடைப்பதற்குள் தோட்டத்தில் பாதி காலி. இன்னும் அவள் வீட்டில் சொல்லவில்லை. வேற்று நாட்டவர்களிடம் வேற்று மொழியில் சொல்ல முடிந்தது அத்தான் முகத்துக்கு நேரே வரவில்லை. குளவிப் பெட்டியோடு தோட்டத்தில் போய் இறங்கினாள். ஒதுங்கியிருந்த அக்கம்பக்கத்துக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அத்தான் முகத்தில் பல நாளுக்குப் பிறகு சிரிப்பு.

“நீயே திறந்து விடும்மா. உன் கை ராசியான கை.”

மூடியில் வைத்த கை அங்கேயே நின்றது. அக்கா வேண்டாம் என்பது போல மெல்லத் தலையசைத்தாள்.

“அந்தப் பூச்சியைக் கொண்டு வந்ததே இந்தக் கைதான் அத்தான். அக்காவுக்குக் குடுத்தேனே செம்பருத்தி, அதுலதான் வந்துது. உங்க கன்னுல இல்ல” என்றாள். எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னாள்.

அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஒரு பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கோபப்படவில்லை. பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“இந்தக் குளவியை அனுப்பினாங்களே, அவங்ககிட்ட இதைச் சொன்னியா?”

“சொன்னேன்.”

“எப்போ?”

“அஞ்சாறு மாசம் ஆச்சு.”

“ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிட்டு, கடைசியிலதானாம்மா எங்களுக்கு?”

அத்தான் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், மிச்சமிருந்த மரங்களுக்கு நடுவே தானே திறந்து விட்டார்.