சனிக்கிழமை ஒருபொழுதும் நூற்றுப் பத்து கிலோவும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடம் தள்ளிப்போட்டேன். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன், நகரியில் பவர்லூம் ஓட்டுகிறேன். உடம்பைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களே என்று பயம். எழுதாவிட்டாலும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

என் எடை நூற்றுப் பத்து கிலோ. மகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது, தாயும் பிள்ளையும் பிழைத்தால் மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறி வருகிறேன் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். இருவரும் பிழைத்தார்கள். பேரன் இப்போது வீடெல்லாம் ஓடுகிறான். நான் இன்னும் ஏறவில்லை. முழங்கால் விடவில்லை.

திருப்பதியில் ஒரு டாக்டரிடம் போனேன். "பத்து கிலோ குறைச்சிட்டு ஏறுங்க. கொஞ்சம் மனக்கட்டுப்பாடு வேணும்" என்றார். தின்பதை எல்லாம் ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

மனக்கட்டுப்பாடு என்ற வார்த்தை வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் குடைந்தது. விடிவதற்கு முன் குளித்து நாமம் இட்டுக்கொள்கிறவன் நான். இருபது வருடமாகச் சனிக்கிழமை ஒருபொழுது, சோற்றைத் தொடமாட்டேன். என் அண்ணன் ஒரு நாள் விரதம் இருந்ததில்லை. குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறக்கும். ஆனால் குச்சி மாதிரி இருப்பார். "உங்க அண்ணனுக்கு எல்லாம் ஒரு அளவு" என்பார்கள் சொந்தக்காரர்கள்.

அந்த வாரமே பாகாலாவில் சொந்தத்தில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் எல்லோர் முன்னாலும் அண்ணன் சொன்னார்: "இவன் படியேறி வேண்டுதல் தீக்கிறதுக்குள்ள சாமியே எறங்கி நகரிக்கு வந்துடும்."

சிரித்தார்கள். நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

"குண்டா இருக்கிறவங்களுக்குக் கோவமே வராது, பாரு" என்று பரிமாறிய மாமா இன்னும் இரண்டு போளி வைத்தார். பசியே இல்லை. இரண்டையும் தின்றேன். தமிழில் போதும், தெலுங்கில் சாலு, இரண்டும் என் வாயில் வருவதில்லை.

டாக்டர் சொன்ன கணக்கை மகள் நோட்டில் எழுதினாள். வாரக் கடைசியில் படித்துக் காட்டினாள்.

"நைனா, ஒருபொழுதுன்னு சொல்லிக்கினு சனிக்கிழமை இன்னா துன்னுக்கிறே தெரியுமா? காலைல எட்டு இட்லி. மத்தியானம் ஆறு பூரி. சாயந்திரம் கோயில்ல சக்கரப்பொங்கல். ராத்திரி உப்புமா."

"சோறு தொடலையேம்மா."

"சோறு துன்னிருந்தா கம்மியா இருந்திருக்கும்."

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடம் சாமிக்கு என்று நினைத்துச் செய்தது இதுவா என்று வெட்கமாக இருந்தது. நோட்டை வாங்கி நானே பார்த்தேன். சனிக்கிழமையைவிட அதிகம் தின்றது பாகாலாவில். அடுத்தது, நெய்த துணியைக் குறை சொல்லி வியாபாரி திருப்பி அனுப்பிய நாள். அன்றும் அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், சிரித்து டீ கொடுத்து அனுப்பிவிட்டு, மிக்சர் டப்பாவைக் காலி செய்திருக்கிறேன். சாதுவானவன் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் தின்றேனோ என்னவோ. குண்டாக இருக்கிற எல்லோருக்கும் இப்படியா, எனக்குத் தெரியாது.

போன புரட்டாசியில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து, மருமகன் எதிரில் அதே படியேறும் பேச்சை எடுத்தார்.

"அண்ணா, அத விடு. கேட்டுக் கேட்டுச் சலிச்சிப்போச்சி" என்றேன்.

"இன்னாடா, கோச்சிக்கினியா?"

"ஆமா."

சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அவர் போன பிறகு எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது சனிக்கிழமை ஒரு வேளைதான். மூன்று கிலோ குறைந்தது, ஒரு கல்யாண சீசனில் இரண்டு திரும்பி வந்தது. போன மாதம் அலிபிரிக்குப் போய்ப் பார்த்தேன். இருநூறு படிக்கு மேல் முடியவில்லை. கிழவிகள் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். அங்கேயே ஒரு படியைத் தொட்டுக் கும்பிட்டு, அழுதுவிட்டு இறங்கினேன்.

இதைப் படிக்கிறவர்கள், உங்களுக்குத் தெரிந்து என்னைப் போன்ற உடம்புக்காரர் யாராவது இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவன் இளைத்துவிட்டான், மலை ஏறிவிட்டான் என்று நல்லதாகச் சேர்த்துவிடாதீர்கள். வேண்டுதல் அப்படியே நிற்கிறது.