விரல்களுக்குத் தாமதமாக விடிந்த கதை

வலிக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து அழுத்திவிட்டு, அதற்காகத் திட்டும் வாங்கிக்கொள்வதுதான் பிசியோதெரபி என்கிற எங்கள் தொழில். மலேசியாவின் கோலசிலாங்கூரில் ஒரு சின்ன கிளினிக்கில் நான் பட்டதை, வேறெங்கோ பட்டுக்கொண்டிருக்கும் என் தொழில் இனத்தாருக்குச் சொல்கிறேன்.

பதினோரு மணி அதிசயம்

பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் பள்ளி வேன் ஓட்டும் பார்வதி அக்காவுக்கு முடக்குவாதம். விடியற்காலையில் விரல்கள் வீங்கி, விறைத்து, மடங்காது. கியர் போடவே திணறல். பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டி, விளையாட்டா? இப்படியே போனால் வேனை விற்றுவிட வேண்டியதுதான் என்று பயந்துபோயிருந்தார்.

ஆனால் பதினோரு மணிக்கு என்னிடம் வரும்போது விரல்கள் சமர்த்தாக மடங்கும். கூட வந்த கணவர் முனியாண்டி அண்ணன், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர், என்னிடம் நியாயம் கேட்டார்: "காலையில தேத்தண்ணி கலக்கச் சொன்னா வெரலு மடங்கலங்கிறா. மத்தியானம் நண்ட ஒடச்சித் திங்கிறா. இது என்னா நோவு மிஸ்?"

அலாரப் போட்டி

விரல் இளக நேரம் வேண்டுமென்று அக்கா நாலு மணிக்கே எழுந்து சுடுதண்ணீரில் கையை ஊறவைத்தார். போதவில்லை. இன்னும் முன்னால் எழுந்தார், பிறகு அதற்கும் முன்னால். கை மோசமாகிக்கொண்டே போனது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. இருவரையும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்புக்குள் இரவு பகல் அறியும் கடிகாரம் ஓடுகிறது. மூட்டுக்குள்ளும் ஒன்று உண்டு. அழற்சி வந்தால் அந்தக் கடிகாரம் குழம்பும், வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள் விடிகிற நேரம் பார்த்து ஏறும், தூக்கமும் கெடும். தூக்கம் கெட்டால் அழற்சி இன்னும் கூடும். ஆகவே அலாரத்தை அணைக்க வேண்டும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், கொஞ்ச காலம் வேனைத் தொடக் கூடாது. காலை வலி பொய்யில்லை என்று கேட்டதும் அண்ணன் முகம் தொங்கிப்போனது. அக்கா ஒரே போடாகப் போட்டார்: "கேட்டுக்கிட்டீங்களா? நாளையிலேர்ந்து வேனும் நீங்கதான், தேத்தண்ணியும் நீங்கதான் லா!"

வராத ஆள்

அண்ணன் வேன் ஓட்டினார். செம்பனைக் குலைகளுக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட அவருக்குச் சில நாள் ஆனது. மருந்து மெல்ல வேலை செய்தது, அக்காவின் வீக்கம் வடிந்தது. காலை நேரத்துப் பிடி பலமாக இருந்தால் திங்கட்கிழமையிலிருந்து அவரே ஓட்டலாம் என்றார் டாக்டர்.

பிடியைப் பார்ப்பதற்காகச் சனிக்கிழமை கிளினிக் திறந்ததும் வரச் சொல்லியிருந்தேன். ஆளைக் காணோம். மறுபடியும் விறைத்துவிட்டதோ என்று பயந்து அவர் வீட்டு எண்ணைத் தேடி எடுத்தேன். போன் போட்டால் அண்ணன் எடுத்துக் கிசுகிசுத்தார்: "மெதுவா பேசுங்க மிஸ், கொறட்டை விட்டுத் தூங்குறா. என் கையப் புடிச்ச புடி, உருவ முடியல. திங்கக்கெழம வேன் அவளுக்குத்தான் லா!"

நோயாளி வராமல் போன நாளில் சிகிச்சை முழு வெற்றி என்று எழுதிக்கொண்டு பூரித்துப்போகும் தொழில், எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான்.